புள்ளிகளுக்கு நடுவே உள்ள சத்தம் எங்கே போகிறது? டிஜிட்டல் இசைப்பதிவு பற்றி ஓர் எளிய விளக்கம்

நாகர்கோவில் பார்வதிபுரத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு சோடி ஸ்பீக்கர் வாங்கினான். கூடவே ஒரு டாக் கருவியும் வாங்கினான். டாக் என்றால் எண்களாக இருக்கும் பாட்டைத் திரும்ப மின்னலையாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி. அதன் அட்டையில் "24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்" என்று பெரிதாக அச்சடித்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, சிடியில ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவுல உள்ள சத்தம் எல்லாம் போயிரும்னு சொல்லுகாங்களே, உள்ளதா?"

இந்தக் கேள்வியை இருபது வருடமாகப் பலர் கேட்டுக் கேட்டிருக்கிறேன். கேட்பவர் மனதில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். அழகாக வளைந்து போகும் ஓர் அலை. அதன் மேல் டிஜிட்டல் என்று படிக்கட்டு படிக்கட்டாக ஒரு கோடு. படி சிறிதானால் அலைக்கு நெருக்கமாகும், அதனால் எண் கூடினால் பாட்டு நன்றாகும் என்று அந்தப் படம் சொல்கிறது. பார்த்தால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அது தப்பான படம். அதை நம்பி, கையில் இருக்கும் பாட்டையே மூன்றாம் தடவை காசு கொடுத்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் கொஞ்சம் நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

சத்தம் எப்படி எண்ணாகிறது

வில்லுப்பாட்டு பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். பாட்டை நடத்தும் புலவர் கையில் இருக்கும் வீசுகோல் வில்லின் நாணில் விழுகிறது. நாண் முன்னும் பின்னும் அதிர்ந்து பக்கத்துக் காற்றைத் தள்ளுகிறது, இழுக்கிறது. அந்தத் தள்ளலும் இழுப்பும் காற்று வழியாக வந்து நம் செவிப்பறையை அதே போல ஆட்டுகிறது. சத்தம் என்பது அவ்வளவுதான். ஒரு நொடியில் எத்தனை தடவை போய் வருகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்கிறோம். ஆயிரம் ஹெர்ட்ஸ் ஒரு கிலோஹெர்ட்ஸ். குடத்தின் வாயில் மட்டையால் தட்டும்போது வரும் 'தும்' குறைந்த ஹெர்ட்ஸ். வில்லில் கட்டியிருக்கும் மணிகளின் கிலுகிலுப்பு பல ஆயிரம் ஹெர்ட்ஸ். மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். அந்த மேல் எல்லை சின்னப் பிள்ளைகளுக்குத்தான். வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும்.

மைக் இந்தக் காற்றாட்டத்தை மின்னாட்டமாக மாற்றும். அந்த மின்னாட்டத்தை அப்படியே இசைத்தட்டின் பள்ளத்திலோ நாடாவிலோ பதித்தால் அது அனலாக். சீரான இடைவெளியில் அதன் உயரத்தை அளந்து அளந்து எண்ணாக எழுதி வைத்தால் அது டிஜிட்டல். ஒவ்வொரு அளவுக்கும் சாம்பிள் என்று பெயர். நொடிக்கு எத்தனை சாம்பிள் எடுக்கிறோம் என்பது சாம்பிள் வேகம். சிடியில் அது 44,100. தம்பி வாங்கிய பெட்டியில் அதிகபட்சம் 1,92,000.

சரி, ஒரு சாம்பிளுக்கும் அடுத்த சாம்பிளுக்கும் நடுவே என்ன நடந்தது என்று யாரும் எழுதவில்லையே? அதைத்தான் தம்பியும் கேட்டான்.

கடலை எத்தனை தடவை பார்க்க வேண்டும்

கன்னியாகுமரிக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்தச் சங்கடத்தைப் பார்த்திருப்பார்கள். கடல் வற்றிக் கிடந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகு விட மாட்டார்கள். 2024 டிசம்பர் கடைசியில் விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்தக் கவலை குறைந்துவிட்டது. ஆனால் கடல் ஏறுவதும் வற்றுவதும் நிற்கவில்லை. ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும்.

நீங்கள் தினமும் காலை ஆறு மணிக்கு மட்டும் படித்துறைக்குப் போய் நீர்மட்டத்தைக் குறிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏற்ற நேரம் நாளுக்கு நாள் 50 நிமிடம் போல் தள்ளிப் போகும். அதனால் உங்கள் நோட்டில் நீர்மட்டம் மெல்ல மெல்ல இறங்கி, மெல்ல மெல்ல ஏறி, பதினைந்து நாள் அளவில் ஒரு சுற்று வந்ததாகத் தெரியும். நோட்டை மட்டும் பார்ப்பவர், கடல் பதினைந்து நாளுக்கு ஒரு தடவைதான் ஏறி இறங்குகிறது என்று சத்தியம் செய்வார். நீங்கள் எழுதிய ஒவ்வொரு அளவும் சரிதான். ஆனால் இடைவெளி அதிகமாகிப் போனதால், இல்லாத ஒரு மெதுவான அலை பிறந்துவிட்டது. இதற்கு ஏலியாசிங் என்று பெயர். ஓடும் மின்விசிறியை மொபைலில் படம் பிடித்தால் இறக்கை பின்னோக்கிச் சுற்றுவது போலத் தெரிவதும் இதே கோளாறுதான்.

இதிலிருந்து எப்படித் தப்புவது? ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவைக்கும் மேல் பார்த்துவிட்டால் போதும். 12 மணி 25 நிமிடச் சுற்றுக்கு, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை தவறாமல் போய்ப் பார்த்தாலே உண்மையான ஏற்ற இறக்கம் பிடிபட்டுவிடும். அதுவே கரையில் வந்து மோதும் சின்ன அலையை அளக்க வேண்டுமென்றால் சில நொடிக்கு ஒரு தடவை பார்த்தாக வேண்டும். ஆக, எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, நாம் பிடிக்க நினைக்கும் ஆட்டங்களிலேயே எது மிக வேகமானதோ அதுதான்.

மூன்று புள்ளி, ஒரே வட்டம்

இங்கேதான் பலருக்கு நம்பிக்கை வராது. "பிடிபடும் என்றால் ஏறத்தாழப் பிடிபடும், இன்னும் நிறையப் புள்ளி வைத்தால் இன்னும் துல்லியமாகும், இல்லையா?" என்பார்கள். இல்லை.

பள்ளிக்கூடத்தில் படித்த வடிவியலை நினைத்துப் பாருங்கள். ஒரே கோட்டில் விழாத மூன்று புள்ளிகளைத் தந்து, அவற்றின் வழியே ஒரு வட்டம் போடு என்றால் எத்தனை வட்டம் போட முடியும்? ஒன்றே ஒன்று. அந்த வட்டம் மூன்று மூலை கொண்ட வட்டம் அல்ல, முழு வட்டம். அதே வட்டத்தின் மேல் இன்னும் முப்பது புள்ளி வைத்தால் வட்டம் முன்னைவிட உருண்டையாகிவிடுமா? ஆகாது. புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வளைவை நாம் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அது தொலையவில்லை. ஏனென்றால் வரையப்போவது வட்டம்தான் என்று முன்னாலேயே ஒரு விதி இருக்கிறது. மூன்று புள்ளியும் அந்த விதியும் சேர்ந்தாலே முழு உருவமும் கையில் இருக்கிறது.

இசைப்பதிவிலும் அப்படி ஒரு விதி உண்டு. சாம்பிள் எடுப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டியை வைத்து, எல்லைக்கு மேலே உள்ள வேகமான ஆட்டங்களை அப்புறப்படுத்திவிடுவார்கள். சிடிக்கு அந்த எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அந்த வேகத்துக்கு மேல் ஆடாத அலைகளில், அந்தப் புள்ளிகள் எல்லாவற்றின் வழியாகவும் போகக்கூடியது ஒன்றே ஒன்றுதான். டாக் அந்த ஓர் அலையை வரைந்து கொடுக்கிறது. அது படிக்கட்டாக இருக்காது. உள்ளே வேலை நடக்கும்போது படி போல இருந்தாலும், கடைசியில் இருக்கும் வடிகட்டி அந்த மூலைகளை எடுத்துவிடும். டாக்கிலிருந்து வரும் கம்பியை, மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் அலைகாட்டியில் செருகிப் பார்த்தால் வழவழப்பான வளைவுதான் தெரியும். மூலைகள் என்பவை மிக வேகமான ஆட்டங்களால் ஆனவை. 20,000-க்கு மேல் எதுவும் இல்லை என்றால் மூலையும் இருக்க முடியாது.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியில் வேலை பார்த்த ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் தந்திச் செய்திகளைப் பற்றி எழுதும்போது இதன் அடிப்படையைத் தொட்டார். அந்த நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன் 1949-இல் இதைக் கணித நிரூபணத்தோடு வைத்தார். நம் கையில் இருக்கும் மொபைல், சிடி, யூடியூப் எல்லாம் இந்தத் தேற்றத்தின் மேல்தான் நிற்கின்றன.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: சாம்பிள் வேகம் கூடினால் அலை வழவழப்பாவதில்லை. பிடிபடும் சத்தத்தின் மேல் எல்லைதான் உயர்கிறது. 44,100 சாம்பிளில் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுமையாகப் பிடிபடும். 96,000 சாம்பிளில் 40,000-க்கும் மேலே போகும். 20,000-க்குக் கீழே இருப்பது இரண்டிலும் ஒன்றுதான்.

அந்த 44,100 எங்கிருந்து வந்தது

இது ஒரு சின்னக் கதை, எனக்குப் பிடித்த கதை. அந்தக் காலத்தில் இவ்வளவு எண்களைத் தாங்கிப் பதியக் கைவசம் இருந்தது வீடியோ நாடாதான். அதனால் எண்களைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி ஒரு டிவி படம் போல வீடியோ நாடாவில் பதிந்தார்கள். ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், ஒரு களத்துக்கு (டிவி படம் ஒன்றின் பாதி) 245 கோடு, நொடிக்கு 60 களம். பெருக்கினால் 44,100. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து சிடியை உருவாக்கியபோது அந்த எண்ணே நிலைத்துவிட்டது. 1982-இல் சிடி கடைக்கு வந்தது.

அப்படியானால் 96, 192 என்று ஏன் பதிகிறார்கள்? ஸ்டுடியோவில் வடிகட்டியை நிதானமாக அமைக்க இடம் கிடைக்கும், பதிந்த பிறகு செய்யும் வேலைகளுக்கும் வசதி. நியாயமான காரணங்கள்தான். ஆனால் கேட்பவர் வீட்டுக்கு அந்த வசதி தேவையா என்பது வேறு கேள்வி. ஒன்றை நினைத்துப் பாருங்கள். பண்பலை வானொலி 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் அனுப்புகிறது. ஆகாசவாணியின் நாகர்கோவில் பண்பலையில் காலையில் ஒரு நாதஸ்வரக் கச்சேரி போட்டால், மேலே 5,000 ஹெர்ட்ஸைக் காணவில்லையே என்று யாரும் வருந்திக் கேட்டதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பிராட் மேயர், டேவிட் மோரன் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவை அப்படியே ஒரு தடவையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒரு தடவையும் போட்டு, எது எது என்று சொல்லச் சொன்னார்கள். 554 தடவையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும். 2016-இல் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்தபோது 52.3 சதவீதம் வந்தது. பழக்கப்பட்ட காதுகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். அதாவது ஏதோ ஒரு துளி வித்தியாசம் இருக்கலாம். ஆனால் "திரையை விலக்கியது போல இருந்தது" என்று எழுதுகிறார்களே, அந்த மாதிரி வித்தியாசம் கிடையாது.

பிட் என்பது தராசின் நுட்பம்

சாம்பிள் வேகம் எத்தனை தடவை அளக்கிறோம் என்று சொல்கிறது. பிட் என்பது ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நுட்பமாக அளக்கிறோம் என்பது.

தோவாளைச் சந்தையில் விடியற்காலை மல்லியும் பிச்சியும் நிறுக்கும் தராசைப் பார்த்திருப்பீர்கள். மூட்டையாக நிறுக்கும்போது பத்துக் கிராம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. அதே பத்துக் கிராம் மீனாட்சிபுரத்து நகைக்கடையில் தவறினால் கதையே வேறு. அளவின் மிகச் சின்னப் படி எது என்பதுதான் விஷயம். 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். நடுவில் விழும் அளவைப் பக்கத்துப் படிக்குத் தள்ளி எழுதும்போது ஒரு துளிப் பிழை வரும். அந்தப் பிழை காதுக்கு எப்படிக் கேட்கும்? கரடுமுரடாகக் கேட்கும் என்று நினைப்பது இரண்டாவது தப்பு. பதிவின் கடைசிக் கட்டத்தில் மிக மெல்லிய இரைச்சல் ஒன்றை வேண்டுமென்றே சேர்ப்பார்கள். அதனால் அந்தப் பிழை பாட்டோடு ஒட்டிக்கொள்ளாமல், தூரத்து மழை போல ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' ஆக அடியில் படிந்துவிடும்.

ஆகவே பிட் கூடினால் நடப்பது ஒன்றுதான்: அந்த 'ஸ்ஸ்' இன்னும் கீழே போகிறது. இதைத்தான் டைனமிக் ரேஞ்ச் என்கிறார்கள். மிகப் பெரிய சத்தத்துக்கும் அடியில் கிடக்கும் இரைச்சலுக்கும் நடுவே உள்ள தூரம் அது. சத்தத்தின் அளவைச் சொல்லும் டெசிபல் என்ற அலகில், ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 வீதம் 16 பிட்டுக்கு 96. கேசட்டில் இது 50, 60 என்ற அளவில் இருந்தது. இசைத்தட்டில் 60, 70. வீட்டில் மின்விசிறி ஓடினாலே 40 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கும். முட்டத்திலோ குளச்சலிலோ கடற்கரை ஓரம் வீடு என்றால் சொல்லவே வேண்டாம். அந்த 40-க்கு மேலே 96 வைத்தால் 136. காது வலிப்பது 120, 130-லேயே தொடங்கிவிடும். வீட்டில் கேட்பதற்கு 16 பிட் தாராளம். 24 பிட் கணக்குப்படி 144 டெசிபல் வர வேண்டும். ஆனால் இன்றைய மிக நல்ல கருவிகளே 120, 130-க்குள்தான் நிற்கின்றன, மீதி பிட்டுகளில் கருவியின் சொந்த இரைச்சல்தான் பதிகிறது.

பதிபவருக்கு நிலைமை வேறு. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்பு, ஈத்தாமொழிப் பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்யப் போனேன். இரண்டு மைக்கை வில்லுக்கு முன்னால் ஆறடி தள்ளி வைத்து, புலவர் காப்புப் பாடும் நேரத்தில் அளவைச் சரிசெய்தேன். மெதுவான குரல், ஊசி பாதிக்குக்கூட வரவில்லை. கொஞ்சம் கூட்டினேன், இன்னும் கொஞ்சம் கூட்டினேன். முக்கால் மணி நேரம் எல்லாம் அழகாகப் போயிற்று. அப்புறம் கதையில் சுடலை பிறக்கும் இடம் வந்தது. வீசுகோல் இரண்டும் சேர்ந்து நாணில் இறங்க, குடம், உடுக்கை, தாளம் எல்லாம் ஒரே மூச்சில் எழ, குலவை போட்டார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது எரிந்தபடியே நின்றது. வீட்டுக்கு வந்து கேட்டால், அந்த இடம் முழுக்கத் தகரத்தைக் கிழிப்பது போல இருந்தது. எண்களுக்கு ஓர் உச்சி உண்டு. அதற்கு மேல் போகும் அலையின் தலை வெட்டப்படும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். வெட்டிய தலையை ஒட்டவைக்க வழியில்லை.

அடுத்த வருடம் அதே கோயிலுக்கு 24 பிட்டில் பதியும் கருவியோடு போனேன். அளவை மிகத் தாழ்த்தி வைத்தேன். காப்புப் பாடும் குரல் அடியில் எங்கோ கிடந்தது, ஆனாலும் இரைச்சல் அதற்கும் வெகு கீழே இருந்ததால் பிறகு தூக்கிக்கொள்ள முடிந்தது. சுடலை பிறந்தபோது தலைக்கு மேலே இன்னும் இடம் இருந்தது. 24 பிட்டின் பயன் இதுதான்: என்ன நடக்கும் என்று தெரியாமல் பதிபவருக்கு மேலும் கீழும் இடம் தருவது. நடந்து முடிந்ததைக் கேட்பவருக்கு அந்த இடம் வேண்டியதில்லை.

கருவாடு மீனாகாது

ஒரு சிடியின் எண்களை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 14,11,200 பிட். எம்பி3 அதை 3,20,000 அல்லது 1,28,000 பிட்டுக்குச் சுருக்குகிறது. எப்படி? ஒரு பெரிய சத்தம் கேட்கும்போது, அதற்கு மிக அருகில் இருக்கும் சின்னச் சத்தம் நம் காதுக்குத் தெரியாது. செண்டை முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் வளையல் ஒலிப்பது கேட்காது அல்லவா, அது போல. அப்படிக் காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டவற்றை எம்பி3 கழித்துவிடும். இதை இழப்புள்ள சுருக்கம் என்போம். 1,28,000-இல் மணியும் கைதட்டலும் கலங்கித் தெரிந்துவிடும். 3,20,000-இல் நல்ல முறையில் சுருக்கியிருந்தால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஃபிளாக் என்ற கோப்பு வேறு வகை. ஓலைப்பாயைச் சுருட்டி மூலையில் வைப்பது போன்றது. இடம் குறையும், விரித்தால் ஓர் ஓலை குறையாமல் அதே பாய். இது இழப்பற்ற சுருக்கம்.

"கருவாடு மீனாகாது, கறந்த பால் மடி புகாது" என்று நம் ஊரில் சொல்வார்கள். எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெரிதாகுமே தவிர, கழிந்தது திரும்பாது. பென் டிரைவில் "24 பிட் 192" என்று பெயரிட்டுச் சுற்றும் பழைய பாட்டுகளில் பல இப்படிப் பெரிதாக்கியவை. ஐம்பது அறுபது வருடத்துக்கு முன் நாடாவில் பதிந்த ஒரு மோனோ பாட்டில் இருக்கும் இரைச்சலே 16 பிட் இரைச்சலுக்கு வெகு மேலே இருக்கும். அதற்கு எவ்வளவு பெரிய பாத்திரம் வைத்தாலும் உள்ளே இருப்பது அதே பால்தான். வீட்டில் பாட்டியின் குரல் பதிந்த கேசட் இருந்தால் மட்டும் ஒரு விதிவிலக்குச் சொல்வேன்: அதை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் மாற்றி வையுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்கள் பரிந்துரைப்பதும் அதைத்தான். பிறகு சுத்தம் செய்யும்போது கை வைக்க இடம் இருக்கும். நம் ஊர் ஈரத்தில் நாடாவில் பூஞ்சை பிடிப்பதற்குள் செய்துவிடுங்கள்.

புதிய பதிப்பு ஏன் வேறு மாதிரி கேட்கிறது

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். "நான் கேட்டேனே, ஹை-ரெஸ் பதிப்பு நிச்சயமாக வேறு மாதிரி இருந்தது." ஹை-ரெஸ் என்பது சிடியைவிடப் பெரிய எண்களில் வரும் கோப்புகளுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர். உங்கள் காது பொய் சொல்லவில்லை. வித்தியாசம் இருக்கும். ஆனால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் எண்ணால் வந்தது அல்ல, மாஸ்டரிங்கால் வந்தது. பாட்டை வெளியிடும் முன் கடைசியாக ஒருவர் உட்கார்ந்து சத்த அளவையும் சாயலையும் சரிசெய்வார், அதுதான் மாஸ்டரிங்.

1990-களிலிருந்து பாட்டுகளை மேலும் மேலும் சத்தமாக வெளியிடும் போட்டி நடந்தது. சிடிக்கு உச்சி இருக்கிறதே, அதற்கு மேல் எப்படிச் சத்தம் கூட்டுவது? மெதுவான இடங்களைத் தூக்கி, உயர்ந்த இடங்களை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ரப்பர் பாலை உறையவைத்து உருளையில் விட்டு ஷீட் எடுப்பதை நம் தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளே போகும்போது மேடும் பள்ளமும் இருக்கும், வெளியே வரும்போது ஒரே கனம். அப்படி நசுக்கிய பாட்டைச் சத்தமாக வைத்தால் முதல் நிமிடம் உற்சாகமாக இருக்கும், பத்தாவது நிமிடம் தலை வலிக்கும். அதே பாட்டுக்கு நிதானமாக மாஸ்டரிங் செய்த பதிப்பு 16 பிட்டில் கிடைத்தாலும், நசுக்கிய 24 பிட் பதிப்பைவிட அதையே நான் எடுப்பேன்.

இன்னொரு ஏமாற்றம் நம் காதிலேயே இருக்கிறது. இரண்டு பாட்டில் எது இம்மி சத்தம் கூடுதலோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். சத்தம் கூடியது என்று தெரியாது. குரல் தெளிவாக இருக்கிறது, இசை விரிவாக இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆகவே ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வீட்டில் ஒருவரை மாற்றிப் போடச் சொல்லுங்கள். அதுவும் ஒரே பதிப்பின் பெரிய கோப்பிலிருந்து நீங்களே இறக்கிய சிடி தரக் கோப்பாக இருக்க வேண்டும். பத்துத் தடவை. ஐந்து சரி என்றால் குருட்டாம்போக்கு. ஒன்பது சரி என்றால் உங்கள் காதுக்கு ஒரு கும்பிடு, தாராளமாக ஹை-ரெஸ் வாங்குங்கள்.

காசு போக வேண்டிய இடம்

எண்களில் வரும் குறை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றால், ஸ்பீக்கரில் வரும் திரிபு, குறிப்பாக அடிச்சத்தத்தில், நூற்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். அறை அதையும் மிஞ்சும். கம்பியைப் பற்றி ஒரே வரி: தூரத்துக்கு ஏற்ற தடிமன் இருந்தால் சாதாரணச் செம்புக் கம்பி போதும், கடல் காற்றில் முனை பச்சை பிடிக்காமல் வருடம் ஒரு தடவை துடைத்து மாட்டுங்கள். ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைப் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் ஈரத்தில் சில வருடத்தில் பொடிந்துவிடும், ரப்பர் விளிம்பு நிற்கும்.

அறைக்குத்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் மரத்தட்டு, ஓட்டு இடுக்கு, திறந்த முற்றம் என்று சத்தம் கலைந்து போக வழி இருந்தது. இப்போதைய வீட்டில் நான்கு சுவரும் கான்கிரீட் தட்டும் டைல்ஸ் தரையும்தான். தட்டிய சத்தம் திரும்பத் திரும்ப வரும். அதோடு, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சரியாகப் பொருந்தும் அலைகள் அங்கேயே நின்று ஆடும். இதற்கு நிலை அலை என்று பெயர். 12 அடி நீள அறையில் முதல் நிலை அலை ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸில் விழும். அந்தச் சத்தம் சுவர் ஓரத்தில் வீங்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். ஸ்பீக்கரை மூலையில் ஒட்டி வைத்தால் இந்த வீக்கம் இன்னும் கூடும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் இதில் ஒரு மாற்றமும் வராது. அடிச்சத்தத்தின் அலை பல அடி நீளம், அட்டையின் கனம் ஒரு விரல்.

தம்பி வீட்டுக்குப் போனபோது ஸ்பீக்கர் இரண்டும் அலமாரிக்கு இரண்டு பக்கமும் மூலையில் சொருகி இருந்தன. கட்டில் எதிர்ச் சுவரோடு சுவராக. என் ஈத்தாமொழிப் பதிவைத்தான் போடச் சொன்னேன். குடம் ஒவ்வொரு தட்டுக்கும் 'ஊம்' என்று இழுத்தது, அதற்குள் புலவரின் குரல் புதைந்து கிடந்தது. தம்பி டாக்கில் வடிகட்டியை மாற்றிப் பார்த்தான், ஒன்றும் ஆகவில்லை. நானும் அவனும் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தோம். பழைய நாற்காலி இரண்டைக் கொண்டுவந்து, உட்கார்ந்தால் காது மட்டத்துக்கு வருகிற மாதிரி அவற்றின் மேல் வைத்தோம். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அதே தூரம் அவன் உட்காரும் இடத்துக்கும். கட்டிலையும் ஒன்றரை அடி முன்னே தள்ளினோம். மாடியில் சும்மா கிடந்த தும்பு மெத்தையை எடுத்து வந்து பின்சுவரில் சாய்த்தோம். அவன் அம்மா வந்து எட்டிப் பார்த்து, "வீட்டை மாத்துகியளா மக்களே?" என்று கேட்டுவிட்டுக் காபி போடப் போனார்கள்.

அன்று நான் கிளம்பும்போது தம்பி பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பத்தரைக்கு போன் வந்தது. "அண்ணே, இந்த 'ஆமா' போடுகது ஒரு ஆளு இல்ல. வலது பக்கம் ஒருத்தர், இடது பக்கம் ஒருத்தர். இடது பக்கத்துக்காரரு கொஞ்சம் முந்திச் சொல்லுகாரு." வலம்பாடியும் இடம்பாடியும்தான். அவன் கேட்டுக்கொண்டிருந்தது 16 பிட், 44,100.